‘அதுகளே பார்த்துக்கும்’

எங்கள் மந்தையில் ஒரு ரவுடிக் குதிரை இருந்தது. அதை ரவுடியாக்கியதில் பெரும்பங்கு என்னுடையது. அது செய்த காரியத்தை மறைக்க நான் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யால் இன்னொரு குதிரையின் கால் கெட்டது. ஒரு பாவமும் அறியாத மனிதர்மேல் பழி விழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நண்பர்கள் மத்தியில் எனக்குக் ‘குதிரை தெரிந்தவர்’ என்று பெயர். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காங்கயம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கொறங்காடு உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். தலைமுறைகளாக மாடும் செம்மறியும் மேய்ந்த காடு. எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்த பிறகு அது குதிரைக் காடானது. முதலில் வந்தவள் ஊட்டிப் பாட்டி. சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்துபோன மட்டக்குதிரை. அடுத்து வந்தவன் கிண்டிக்காரன். பந்தயம் ஓடி முடித்த தரோபிரெட், காயடித்த ஆண். தோல் மெல்லியது, மனசு அதைவிட மெல்லியது. மூன்றாவது, செவலை என்கிற கத்தியவார் இளம்பெட்டை.

இவர்களைப் பார்த்துக்கொண்டவர் பாய். பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோக்கள் பெருகி வண்டிக்கு வருமானம் நின்றபின் எங்களிடம் வந்தார். நான் புத்தகத்திலும் யூடியூபிலும் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் உதையும் கடியும் வாங்கித் தெரிந்துகொண்டவர். என்னைவிட மூத்தவர் என்பதால் என்னைத் தம்பி என்பார்.

அந்த நாட்களில் ஊட்டிப் பாட்டிதான் மந்தைக்குப் பெரியவள். நின்றால் கிண்டிக்காரனின் நெஞ்சு உயரம்தான் இருப்பாள். ஆனால் அவள் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தால் மற்ற இருவரும் வழிவிடுவார்கள். குதிரைகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்பதை உருவம் மட்டும் முடிவு செய்வதில்லை; வயது, அந்த மந்தையில் எவ்வளவு காலம் இருக்கிறது, சுபாவம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. பாட்டி கடித்தோ உதைத்தோ நான் பார்த்ததில்லை. காதைப் பின்னுக்கு மடக்கி ஒரு பார்வை பார்ப்பாள். எதிரே நிற்பவர் ஓரடி நகர்ந்துகொள்வார். அத்தோடு விவகாரம் முடிந்துவிடும். இருவரும் மறுபடி புல்லுக்குக் குனிந்துவிடுவார்கள். மந்தையில் ஒரு குதிரை பெரியதாக இருப்பதற்கும் ரவுடித்தனம் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாட்டி தினமும் என் கண்முன்னால் காட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் பார்க்கவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் வெள்ளையம்மாவை வாங்கினேன். நொக்ரா வகை, வெள்ளை முடி, உள்ளே இளஞ்சிவப்புத் தோல். கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் விழாக்களிலும் ஆடிய நாட்டியக் குதிரை. சுழி சுத்தம் என்று தரகர் சத்தியம் செய்தார். பாய் சுழியைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்த்தார். ஈறுகளில் பழைய தழும்புகள் இருந்தன. “முள்ளுக் கடிவாளம் போட்டு ஆட வெச்சிருக்காங்க தம்பி. தனியாவே கட்டிப்போட்டு வளத்த குருதை மாதிரி தெரியுது. கூட்டத்துல விடறதா இருந்தா நிதானமா விடணும்” என்றார். முள் வைத்த கடிவாளத்தை இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே தடை செய்துவிட்டன. இருந்தும் அது ஒழியவில்லை என்பதற்கு அந்த வாயே சாட்சி. நான் அந்த நேரத்தில் அவளுடைய கழுத்து வளைவைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

புதுக் குதிரையை என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தொற்றுநோய் எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை சில வாரம் தனியே வைக்க வேண்டும். பிறகு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிறுத்தி, முகர்ந்து பழக விட வேண்டும். அதன்பின் மந்தையில் சாதுவான ஒன்றோடு சேர்த்துவிட்டு, கடைசியில்தான் எல்லோரோடும் விட வேண்டும். பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது நல்லது. இரும்பில்லாத குளம்பு உதைத்தால் காயம் குறையும். படித்திருந்தேன், பிறருக்குச் சொல்லியும் இருந்தேன். ஆனால் வெள்ளையம்மாவைப் பார்க்க வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். படலைத் திறந்து அவளை உள்ளே ஓடவிட்டால் அந்தக் காட்சி எப்படியிருக்கும் என்பது மட்டுமே என் மனதில் இருந்தது. வந்த அன்றே விட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெள்ளையம்மாவுக்குக் குதிரைகளின் பேச்சு தெரியவில்லை. எதிரே இருப்பது ஒதுங்கிவிட்டால் போதும் என்பது அவளுக்கு யாரும் கற்றுத்தராத பாடம். கிண்டிக்காரன் விலகிப் போனாலும் துரத்திப் போய்க் கடித்தாள். தொட்டியில் குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்று மற்றவர்களை அண்டவிடாமல் செய்தாள். செவலையும் பாட்டியும் ஒருவர் தோளை ஒருவர் சொறிந்துகொண்டிருந்தால் நடுவில் புகுந்து பிரித்தாள். எங்கள் காடு மூலைகள் உள்ள காடு. மூலையில் மாட்டிய குதிரைக்கு முன்னால் வெள்ளையம்மா, பின்னால் கிளுவை முள். கிண்டிக்காரனின் புட்டத்தில் முள் கீறல்கள் ஆறுவதும் புதிதாக வருவதுமாக இருந்தன.

பாய் வந்து சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: “விடுங்க பாய், அதுகளே பார்த்துக்கும்.”

இந்த வாக்கியத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் அது வசதியாக இருந்தது. திறந்த வெளியில் வாழும் குதிரைகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளத்தான் செய்கின்றன. தோற்றது ஓடிவிடும், ஜெயித்தது மேயப் போய்விடும். புல் எங்கும் இருப்பதால் ஒரு கவளத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலி இல்லை. வேலி போட்டவன் நான். ஓட இடமில்லாமல் செய்துவிட்டு, ஒரே இடத்தில் தீனியைக் கொட்டிவிட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவற்றிடமே விட்டேன்.

தீனி விஷயத்தில் நான் செய்தது இன்னும் மோசம். குதிரை, மாடு போல அவசரமாக மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடுகிற பிராணி அல்ல. ஒரு நாளில் 15, 16 மணி நேரம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதன் இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். பல மணி நேரம் வாய் சும்மா இருந்தால் வயிறு புண்ணாகும். வயிறு எரிகிற குதிரை எரிச்சலோடுதான் இருக்கும். மழை பொய்த்துக் கொழுக்கட்டைப் புல் காய்ந்த கோடையில் நான் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்று சோளத்தட்டு போடச் செய்தேன். அதுவும் வேலியோரம் மூலையில் இருந்த ஒரே சிமெண்டுக் காடியில். வெள்ளையம்மா நடுவில் நிற்பாள். அங்கிருந்து கழுத்தை நீட்டினால் காடியின் இரண்டு முனையும் அவள் எல்லை. நாலு வயிற்றுக்கு ஒரு காடி வைத்துவிட்டு, சண்டை போடுகிறதே என்று குதிரையைக் குறை சொன்னேன்.

கிண்டிக்காரனுக்கு விலா தெரிய ஆரம்பித்தது. குடற்புழு மருந்து கொடுத்தேன். பல்லைப் பார்க்கச் சொன்னேன். பந்தயக் குதிரை உடம்பு அப்படித்தான் ஒட்டியிருக்கும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பாய், “அவன் படுத்து நான் பார்க்கவே இல்ல தம்பி. ராத்திரியெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கான்” என்றார். குதிரை நின்றபடி கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். பயத்தில் இருக்கும் குதிரை படுக்காது. பாய் எனக்குச் சொன்னது ஒரு நோயின் அறிகுறிக்குச் சமம். நான் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம்’ என்றேன்.

ஏன் இப்படி இருந்தேன்? சோம்பல் என்று சொன்னால் பாதி உண்மை. மீதி உண்மை வெட்கக்கேடானது. வெள்ளையம்மாவின் ரவுடித்தனம் எனக்குப் பிடித்திருந்தது. நான் படலருகே போய் நின்றால் மூவரையும் சிதறடித்துக்கொண்டு அவள் என்னிடம் வருவாள். ஒரு ராணி மற்றவர்களைத் தள்ளிவிட்டு என்னைத் தேடி வருவதாக எனக்குள் இனிக்கும். பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அவள் வாயில் வைப்பேன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் “என்ன கம்பீரம் பாருங்க” என்பேன். நான் கற்றுக்கொடுத்தது இதுதான்: அடுத்தவரை விரட்டினால் வெல்லம் கிடைக்கும். அவள் நல்ல மாணவி. கடித்தால் வெல்லம் என்று தெரிந்த பிறகு கடிக்காமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? விரட்டல் எல்லை மீறிய நாட்களில், சுழியில் ஏதோ கோளாறு, தரகர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லித் திரிந்தேன். வெல்லம் கொடுத்த கையைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

நடந்ததும் அந்த வெல்லத்தால்தான். ஒரு மாலை, தீனி போடும் நேரம் தாண்டியிருந்தது. பாய் தட்டு ஏற்றிவரப் போயிருந்தார். கோவையிலிருந்து வந்த நண்பர்கள் படலுக்கு வெளியே நின்றார்கள். பசியோடு இருக்கும் குதிரைகளுக்கு நடுவே கையில் தின்பண்டத்தோடு போகக் கூடாது என்பது பாய் எனக்குச் சொன்ன முதல் பாடம். வெல்லத்தோடு உள்ளே போனேன். வெள்ளையம்மா வந்தாள். மூலையில் நின்ற கிண்டிக்காரனும் பசி தாங்காமல் என் பக்கம் கழுத்தை நீட்டினான். அவள் திரும்பி இரண்டு பின்னங்காலாலும் உதைத்தாள். அவனுக்குப் பின்னால் முள்வேலி, போக இடமில்லை. லாடம் அடித்த குளம்பு அவன் பின்னங்கால் முட்டிக்குக் கீழே விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

காயம் சிறியதாகத்தான் தெரிந்தது. மருத்துவர் வந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். நண்பர்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் அதற்குள் வந்து குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: “கம்பி கிழிச்சிருச்சுங்க டாக்டர். பழைய முள்கம்பிச் சுருள் ஒண்ணு ஓரத்துல கிடந்துச்சு. எடுத்து வைக்கச் சொல்லியும் எடுத்து வைக்கல.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பாயைப் பார்த்தேன். மருத்துவரும் அவரைப் பார்த்தார். “கவனமா இருக்கணும் பாய், மிருகம் பாவமில்லையா” என்றார். பாய் வாயைத் திறக்கவில்லை. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், வெல்லக்கட்டியோடு அந்த இடத்தில் நான் நின்றதையும் சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு சங்கடத்திலிருந்து தப்பிக்க அவரைக் காட்டிக்கொடுத்தேன். அதுவும் அவர் செய்யாத ஒன்றுக்கு.

கம்பி கிழித்த காயம் என்றால் தோலைப் பார்ப்பார்கள். கழுவி, மருந்திட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, கட்டுப் போட்டார் மருத்துவர். அவர் கேட்ட தகவலுக்கு ஏற்ற வைத்தியம்தான் அது, அவர்மீது ஒரு தவறும் இல்லை. காயம் மூடியது, மறுபடி திறந்து சீழ் வடிந்தது. மறுபடி மூடியது, மறுபடி வடிந்தது. சாதாரணத் தோல்காயம்தானே என்று நான் அவனைத் தினமும் நடக்கவும் வைத்தேன். கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏற்றிப்போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டிக்குக் கீழே பெரிய எலும்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய எலும்பு உடைந்திருந்தது. பெரிய எலும்பிலிருந்தும் ஒரு சில்லு பெயர்ந்து, ரத்த ஓட்டமில்லாமல் செத்து, உள்ளே கிடந்து சீழ் கட்டியிருந்தது. அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. உதை நேராக எலும்பில்தான் இறங்கும்.

“இது கம்பிக் காயம் மாதிரி தெரியலையே. உதை ஏதும் வாங்குச்சா?” என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “உதைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே எலும்பை யோசிச்சிருப்பாங்க. ரெண்டு மூணு வாரத்துல திரும்பப் படம் எடுத்திருப்பாங்க. நடக்க விட்டிருக்க மாட்டாங்க” என்றார். அறுவை செய்து சில்லையும் உடைந்த துண்டையும் எடுத்தார்கள். ஆனால் உடைந்த எலும்பு அத்தனை நாள் பக்கத்துத் தசைநாரை உரசிக் கெடுத்திருந்தது. கிண்டிக்காரன் இப்போது நடப்பான், மேய்வான். யாரையும் சுமக்க மாட்டான், ஓட மாட்டான். ஓடுவதற்கென்றே பிறந்த குதிரை.

பிறகு செய்தவற்றையெல்லாம் பாய் சொல்லித்தான் செய்தேன். முதல் வேலை, வெள்ளையம்மாவை வெளியே எடுத்தது. நான் கிண்டிக்காரனைத்தான் தனியே கட்ட நினைத்திருந்தேன். “அடி வாங்கினவன எதுக்குத் தம்பி பிரிக்கறீங்க? அடிச்சவள வெளிய எடுங்க” என்றார் பாய். அதுதான் சரி. அடிபட்டதைத் தனிமைப்படுத்தினால் மந்தையில் அதன் இடம் இன்னும் கீழே போகும். அடித்ததை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பவர்கள் தங்களுக்குள் உறவைச் சரிசெய்துகொள்வார்கள். திரும்பி வரும்போது அது புது ஆளாக வரும். வெள்ளையம்மாவை மருத்துவரிடம் காட்டினோம். திடீரென்றோ, காரணம் புரியாமலோ முரட்டுத்தனம் காட்டும் குதிரைக்கு வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். பல், முதுகு, வயிறு, கண். பெட்டையாக இருந்தால் சினைப்பையில் கட்டி இருந்தாலும் ஆண்குதிரை போல நடந்துகொள்ளும். அவளுக்குக் கடைவாய்ப் பற்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கவளமும் வலியோடுதான் தின்றிருக்கிறாள். கிண்டிக்காரனின் பல்லைப் பார்க்கச் சொன்ன எனக்கு, ராணியின் வாயைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மூலைக் காடியை இடித்தோம். தட்டைக் குவியல் குவியலாகப் போட ஆரம்பித்தோம். குதிரைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குவியல் கூடுதலாக. ஒரு குவியலில் நின்று உதைத்தால் அடுத்ததில் நிற்பவருக்கு எட்டாத தூரம் விட்டோம். வெள்ளையம்மா ஒருவரை விரட்டினாலும் அவருக்குப் போக வேறு குவியல் இருக்கும். விரட்டி விரட்டி அவளுக்கே அலுக்கும். ராத்திரிக்கும் தட்டு போட்டோம். தண்ணீர்த் தொட்டி இரண்டானது. மூலைகளில் குறுக்கே மூங்கில் கட்டி வளைவாக்கினோம். கொள்ளும் தவிடும் குதிரைகளைத் தனித்தனியே கட்டிவைத்துக் கொடுத்தோம். பின்னங்கால் லாடங்கள் போயின. வெல்லம் நின்றது.

வெள்ளையம்மாவைத் திரும்பச் சேர்க்கும்போது வேலிக்கு இருபுறமும் நிறுத்தித்தான் தொடங்கினோம். பிறகு பாட்டியோடு மட்டும் விட்டோம். கிழட்டு மட்டக்குதிரையை அவள் கொன்றுவிடுவாளோ என்று பயந்தேன். முதல் நாளே வெள்ளையம்மா காதை மடக்கிக்கொண்டு வந்தாள். பாட்டி ஒதுங்கி, மரத்தைச் சுற்றி வந்து, எதுவும் நடக்காதது போல மேய்ந்தாள். நாளாக ஆக இருவரும் தோளோடு தோள் நின்று பிடரியடியில் சொறிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு தணிகிறது என்று பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 1993-இல் சொன்னது. அதைப் படித்தவன் நான். பாய் படிக்கவில்லை, வெள்ளையம்மா சீறும்போது போய் அதே இடத்தில் விரலால் கோதிவிடுவார். நான் ஆரம்பத்தில் சவுக்கை எடுத்ததுண்டு. கடித்து முடித்துப் பல நொடி கழித்து விழும் அடி எதற்கு விழுந்தது என்று குதிரைக்குத் தெரியாது. அடிக்கிறவனிடம் பயம்தான் மிஞ்சும்.

வெள்ளையம்மா சாதுவாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இன்றும் காதை மடக்குவாள், பல்லைக் காட்டுவாள். ஆனால் ஒதுங்கியவரைத் துரத்துவதில்லை. கிண்டிக்காரனுக்குச் சதை பிடித்திருக்கிறது. பகலிலேயே வெயிலில் நீட்டிப் படுத்துவிடுகிறான். அவளை விற்றுவிடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். விற்றால் அவள் மறுபடி முள்ளுக் கடிவாளத்துக்குத்தான் போவாள். நான் கெடுத்ததை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மந்தையில் ஒன்று மற்றதை வாட்டுகிறது என்றால் அதன் சுழியைப் பார்ப்பதற்கு முன் தீனிக் குவியல்களை எண்ணிப் பாருங்கள், வேலியின் மூலைகளைப் பாருங்கள், உங்கள் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துக்கொள்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மருத்துவர் கேட்டால், உங்களுக்கு எவ்வளவு அவமானமாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வாய் இல்லாத ஜீவனுக்காகச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. கல்லூரி மருத்துவமனையில் நான் உண்மையைச் சொன்னபோது பாய் கூட இல்லை. ஊர் மருத்துவரிடம் நான் இதுவரை திருத்திச் சொல்லவில்லை. பாயின் சம்பளத்தை உயர்த்தினேன்; அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகிவிடும் என்று நினைத்தேன், ஆகாது. இந்தக் கட்டுரை அச்சில் வந்ததும் அந்த மருத்துவரையும் வைத்துக்கொண்டு பாய்க்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அன்று எங்கள் காட்டில் கம்பி எதுவும் கிடக்கவில்லை. தப்பு பாய் மேல் இல்லை, என் மேல்தான்.